இடது செருப்பைக் கழற்றச் சொன்னவர்

"எடது செருப்பக் கழத்துங்க."

கிளட்ச் வாங்க வந்தவர்களிடம் அந்த உதிரிபாகக் கடை அக்கா சொல்லும் முதல் வாக்கியம் இது. என்ன வண்டி, எந்த வருஷம் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். நான் முதன்முதலாக அந்தக் கடையில் நின்றபோது எனக்கு முன்னால் ஒரு டெம்போ டிரைவர் இருந்தார். ஆறடி உயரம், மடித்துக் கட்டிய வேட்டி, கையில் சாவிக்கொத்து. வாக்கியத்தைக் கேட்டதும் இரண்டு அடி பின்வாங்கினார். செருப்பைக் கழற்றும் பேச்சு வந்தால் அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நான் என்ன பண்ணினேன் சேச்சி?" என்றார், மலையாளத்தில்.

"அதத்தான் பாக்கப் போறேன்" என்றார் அவர், தமிழில்.

டிரைவர் கழற்றினார். அக்கா கண்ணாடி மேஜை மேல் நேற்றைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் செருப்பைக் கவிழ்த்து வைத்து, அடிப்பாகத்தைப் பார்த்தார். டாக்டர்கள் எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதுபோல் கொஞ்சம் தள்ளியும் கொஞ்சம் நெருங்கியும். பிறகு கேட்டார்: "ஓட்டும்போ காலு எங்க இருக்கும்? தரையிலயா, பெடல் மேலயா?"

"தரையில."

"செருப்பு வேற சொல்லுதே. பெடல் மேலயே கால வச்சிருந்தா கிளட்ச் எரியத்தான செய்யும்?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றி ஒரு தகவல் மட்டும் சொல்கிறேன்: சிரிக்கும்போது உள்ளங்கையால் மேஜையைத் தட்டுவார். அப்போது தட்டில் கிடக்கும் சின்னச் சின்ன பேரிங்குகள் உருண்டு ஓரத்துக்கு வரும். ஒன்றுகூடக் கீழே விழுந்து நான் பார்த்ததில்லை.

கடை திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குள், பித்தளை விளக்குக் கடைக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவே இருந்தது. எட்டடி அகலம். உள்ளே எவ்வளவு நீளம் என்று தெரியாது. பின்பக்கம் இருட்டாக இருக்கும். அந்த இருட்டிலிருந்து எந்த வண்டிக்கு வேண்டிய பாகத்தையும் விளக்குப் போடாமல் எடுத்துவருவார். நாகர்கோவில் பக்கத்துப் பெண்மணி, கல்யாணமாகி இங்கே வந்தவர். ஐம்பதைத் தாண்டியிருக்கும். மலையாளிகளுக்குச் சேச்சி, தமிழர்களுக்கு அக்கா. பேரம் மலையாளத்தில் பேசுவார், திட்டுவது தமிழில். வலது கட்டைவிரல் நகத்துக்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசியிருப்பார். மற்ற ஒன்பது நகங்களும் கிரீஸ் நிறம்.

சுவரில் ஃபேன் பெல்ட்டுகளுக்கு நடுவே மூன்று ஒற்றைச் செருப்புகள் ஆணியில் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஏதோ எழுதிய அட்டை. கண் திருஷ்டிக்கு லாரிகளின் பின்னால் செருப்பு கட்டுவார்களே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அட்டையைப் படிக்கவில்லை. பத்திரிகை வேலையில் இருப்பவன் அட்டையைப் படிக்காமல் விட்டதற்குப் பிறகு வருந்தினேன்.

செருப்பு வைக்கும் செய்தித்தாளுக்கும் ஒரு விதி உண்டு. இங்கே பத்திரிகைகளில் இறந்தவர்களின் படங்கள் ஒரு முழுப் பக்கம் வரும். அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து மடித்து வைத்துவிடுவார். "செத்தவங்க மேல வைக்கப்பிடாது. மந்திரிமாரு மேல வைக்கலாம். அவங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

நான் அங்கே போனது வைப்பர் பிளேடு வாங்க. வைப்பருக்குச் செருப்பு தேவையில்லை என்பதால் தப்பித்தேன். ஆனால் அதற்குப் பிறகு, தம்பானூரில் எங்கள் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம்தான் என்பதால், மதிய இடைவேளையில் அடிக்கடி போய் ஓரமாக நிற்க ஆரம்பித்தேன். பேட்டி எடுப்பது என் தொழில். இவரைப்போல் கேள்வி கேட்பவரை நான் எங்கள் அலுவலகத்தில் பார்த்ததில்லை.

பழைய பாகம் இல்லாமல் புதியது தரமாட்டார். "பொணத்தக் காட்டாம எப்படிச் சாவுக்குக் காரணம் சொல்லுகது?" என்பார். எரிந்த கிளட்ச் தட்டைக் கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோவார். "இது மல ஏறினது." "இது டவுன்ல சிக்னல்ல நின்னு செத்தது." "இது டிரைவிங் ஸ்கூல். பாவம்." நான் கணக்கு வைத்தேன். ஒன்பதில் ஏழு சரி. தவறிய இரண்டில் ஒன்று, வந்தவர் பொய் சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

மெக்கானிக்குகள் எழுதித் தரும் சீட்டைப் படிக்கவே மாட்டார் என்று சொல்வார்கள். தவறு. படிப்பார். "இது மெக்கானிக் எழுதினது. செரி. வண்டி என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டு மடித்துத் திருப்பித் தருவார். ஒருமுறை, நகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் ஃப்ளைவீல் கேட்டு வந்தார். எஞ்சினின் பின்புறம் கூடவே சுழலும் கனத்த இரும்புச் சக்கரம் அது. கிளட்ச் தட்டு போய்ப் பிடிப்பது அதன் முகத்தைத்தான். அவர் கொண்டுவந்த பழைய சக்கரத்தின்மேல் இவர் சிவப்பு நகத்தை ஓட்டினார். நடுவிலிருந்து விளிம்புவரை, ஒரு கடிகாரத்தின் பன்னிரண்டு எண்களுக்கும் பன்னிரண்டு தடவை. நகம் எங்கும் மாட்டவில்லை. சாயம் உதிரவில்லை. "லேத்துல குடுத்து ஒரு தடவ மொகத்தச் செத்தி எடுத்துப் போடுங்க. புதுசு வேண்டாம்."

"நான் புதுசுதான் கேட்டேன்."

"நகைக்கடையில நல்ல வளையலக் கொண்டுவந்து உருக்கச் சொன்னா உருக்குவீங்களா?"

"உருக்குவேன்" என்றார் அவர்.

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். பேரிங்குகள் ஓரத்துக்கு வந்தன. புதிய சக்கரம் மட்டும் வெளியே வரவில்லை.

இத்தனைக்கும் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. லைசென்ஸுக்கு மூன்று தடவை போனவர். மைதானத்தில் கம்பிகள் நட்டு, 'எச்' எழுத்துப் போல முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டவேண்டும். மூன்று தடவையும் கம்பி விழுந்தது. "எனக்க செருப்பு நல்ல செருப்பாக்கும். கம்பிதான் நேரா நிக்கல்ல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இனி எங்கள் வண்டிக்கு வருகிறேன்.

என் மனைவி கால்நடை மருத்துவர். அந்த வருஷம் அவளை மலையடிவாரத்து வித்துராவுக்கு மாற்றினார்கள். தினமும் வீட்டிலிருந்து போய்த் திரும்பினாள். போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. மேலே போணக்காடு எஸ்டேட் தொழிலாளர் லயங்களில் மாடு வைத்திருப்பவர்கள் கூப்பிட்டால் ஏறவேண்டும். ஐந்து வருஷமாக நான் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியை அவளிடம் கொடுத்தேன். மூன்றாவது மாதம் ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் உறுமி வண்டி நகராமல் நின்றது. கருகல் வாடை. தேயிலை பறிக்கும் பெண்கள் பதினோரு பேர் சேர்ந்து தள்ளினார்கள். அவள் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பசு தானாகவே ஈன்று முடித்திருந்தது. "கன்னு எழுந்து நின்னு என்னையே பாத்துது, ஏன் லேட்டுன்னு கேக்கற மாதிரி" என்றாள். சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. அடுத்த பசு தானாக ஈனும் என்று சொல்லமுடியாது.

நான் சொன்ன வாக்கியம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அஞ்சு வருஷம் என்கிட்ட ஒண்ணும் ஆகல. மூணு மாசத்துல கிளட்ச எரிச்சிட்டே." ஆதாரம் இல்லாமல் ஒரு வரிகூட எழுதமாட்டேன். வீட்டில் பேசும்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை.

அவள் நகரத்திலேயே ஏதாவது அலுவலக வேலை தரும்படி கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதி, மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை கொடுப்பதாக இருந்தாள். மலை மாடுகளை விட்டு வருவதில் அவளுக்குத் துளிகூட விருப்பமில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறவில்லை.

மெக்கானிக் வண்டியைப் பிரித்து, கிளட்ச் செட்டும் ஃப்ளைவீலும் வாங்கிவரச் சொன்னார். சனிக்கிழமை மதியம் பழைய பாகங்களை ஓர் அரிசிச் சாக்கில் போட்டு, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனோம்.

"யாரு ஓட்டுகது?" என்றார்.

"இவதான்" என்றேன், கொஞ்சம் அவசரமாக.

"எடது செருப்பு, மக்ளே."

அவள் கழற்றிக் கொடுத்தாள். அவர் பார்த்தார். தள்ளிப் பார்த்தார். நெருங்கிப் பார்த்தார். விரலால் தடவினார். "குதிகால் தேஞ்சிருக்கு. முன்பக்கம் ஒண்ணும் இல்ல. நல்லா நடக்கிய காலு. பெடல்ல மிதிச்சாச்சா, தரைக்கு வந்திரும்." செருப்பைத் திருப்பித் தந்தார். பிறகு சாக்கிலிருந்து கிளட்ச் தட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "இது மூணு மாசத்துல செத்தது இல்ல. ரொம்ப நாளா சாவக் கெடந்தது. இவளுக்கு முன்ன யாரு ஓட்டினா?"

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றேன்.

"செருப்பு, சாரே."

எட்டு மாதமாக அந்த வாக்கியத்தை ஓரமாக நின்று கேட்டு ரசித்தவன் நான். கழற்றினேன். அவர் அதைக் கவிழ்த்து வைத்தார். முதல் பக்கம், எங்கள் பத்திரிகை. என் செருப்பின் அடியில், பெருவிரலுக்குக் கீழே, குறுக்காக நான்கு கோடுகள் இருந்தன. சம இடைவெளி. ஐந்து வருஷமாக அந்தச் செருப்பைத்தான் போட்டேன். அந்தக் கோடுகளை அன்றுதான் பார்த்தேன்.

அவர் இழுப்பறையைத் திறந்து, எங்கள் வண்டி மாடலுக்கான கிளட்ச் பெடல் ரப்பரை எடுத்தார். அதிலும் நான்கு வரிகள். ரப்பரைச் செருப்பின் மேல் வைத்தார். பொருந்தியது.

"சிக்னல்ல ஏத்தத்துல நின்னா என்ன செய்வீங்க?"

"கிளட்சைக் கொஞ்சம் விட்டு, ஆக்சிலரேட்டர் கொஞ்சம் குடுத்து, அப்படியே நிறுத்தி வைப்பேன்."

"ஹேண்ட் பிரேக்கு?"

"அது பார்க் பண்ண."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். என் மனைவி முதலில் முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். கயிற்றுக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, விவரம் கேட்டு, அவரும் சேர்ந்துகொண்டார். பேரிங்குகள் ஓரத்துக்கு வந்தன. இரண்டு தடவை.

"எனக்கத் தெய்வமே! இவரு எரிச்சுக் குடுத்ததுக்கு அந்தப் பிள்ள மேல பழியா?" என்றார் அக்கா. வீட்டில் நான் சொன்னதை அவரிடம் சொல்லவே இல்லை. எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியாது.

பிறகு வேலையில் இறங்கினார். சக்கரத்தின் முகத்தில் நீலம் பாரித்த திட்டுகள். நகத்தை ஓட்டினார். மூன்று மணியில் மாட்டியது, ஏழில் மாட்டியது, பத்தில் மாட்டியது. மூன்று இடத்திலும் மெல்லிய சிவப்புக் கோடு. "வெடிப்பு. செத்தி எடுத்தாலும் மலைக்கு ஆவாது. இது புதுசுதான்." இருட்டுக்குள் போய் இரண்டு ஃப்ளைவீல்களைக் கொண்டுவந்தார். இரண்டும் எங்கள் வண்டியில் உட்காரும். ஒன்று கனம் குறைவு.

நான் இணையத்தில் இரண்டு இரவு படித்திருந்தேன். "லேசானது போடலாம். எஞ்சின் சட்டுன்னு எடுக்கும்" என்றேன்.

"சட்டுன்னு எடுக்கும். ஏத்தத்துல சட்டுன்னு அணையும். ரேசுக்கா போறீங்க? மாட்டுக்குல்லா போறா." அவர் இரண்டையும் என் மனைவி பக்கம் தள்ளினார். "தூக்கிப் பாரு மக்ளே."

அவள் தூக்கினாள். "இது பொறந்த ஆட்டுக்குட்டி. இது ரெண்டு மாசக் குட்டி."

"எது கையில நிக்கும்?"

"ரெண்டு மாசக் குட்டி."

"பின்னே? அது போதும். கனம் இருந்தா ஏத்தத்துல நீ கால எடுக்கும்போ எஞ்சின் தளராது."

கிளட்சிலும் இரண்டு வகை. பாரம் ஏற்றும் வண்டிக்காரர்கள் வாங்கும் விறைப்பான ஸ்பிரிங் ஒன்று. மிதிக்க இலகுவானது இன்னொன்று. நான் விறைப்பானதைப் பார்த்தேன். அவர் என் மனைவியின் முழங்காலைப் பார்த்தார். இலகுவானதே வந்தது. தட்டு, அதை அழுத்தும் பிளேட், பேரிங் மூன்றும் ஒரே பெட்டியில். பேரிங் மட்டும் பழையதையே போடலாமா என்று கேட்டேன். "பழச வச்சா புதுசக் கெடுத்துரும். நாந்தான் இப்பப் பாத்தேனே" என்று என்னையே பார்த்தார்.

மெக்கானிக்குக்குக் குறிப்பு எழுத ஒரு காகிதம் கேட்டார். என் மனைவி கைப்பைக்குள் துழாவி, கிடைத்ததை எடுத்து நீட்டினாள். அவர் எதையும் படிக்காமல் விடுபவரில்லை. பிரித்துப் படித்தார்.

"ஆபீஸ்ல இருந்தா அங்க மாடு வருமா?"

"வராது" என்றாள் அவள்.

"பின்ன எதுக்கு?"

நான் பேசவேண்டிய இடம் அது. "நான் சொன்னது தப்பு" என்றேன். அந்த எட்டடிக் கடையில் கயிற்றுக் கடைக்காரர் உட்பட மூன்று பேர் கேட்கச் சொன்னேன்.

அவர் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதினார்: ஃப்ளைவீல் போல்ட் எல்லாம் புதியது. தட்டில் கிரீஸ் கை படக்கூடாது. பிறகு அதை அரிசிச் சாக்குக்குள் போட்டார். அந்த விண்ணப்பம் அன்று மாலை ஒரு ஒர்க்‌ஷாப்பின் சுவரில், எண்ணெய்க் கறையோடு, ஸ்குரூ டிரைவரால் குத்தி வைக்கப்பட்டிருந்ததை நான் பார்த்தேன்.

கிளம்பும்போது செருப்புக்குக் கை நீட்டினேன்.

"அது இங்க இருக்கட்டும்" என்றார். "புது கிளட்ச் மொத ஐந்நூறு கிலோமீட்டர் பதமா ஓடணும். அதுவரைக்கும் டாக்டர் மட்டும் ஓட்டட்டும். வித்துராவுக்குப் போக வர எழுவத்திரெண்டு. ஏழு நாளு. எட்டாம் நாளு வந்து வாங்கிக்கிடுங்க." ஒரு அட்டையில் எங்கள் வண்டி எண்ணை எழுதி, நூலால் செருப்பில் கட்டி, ஆணியில் மாட்டினார். நான்காவது ஒற்றைச் செருப்பு.

கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தம் வரை இடது கால் வெறுங்காலாக நடந்தேன். பெரிய கோயிலுக்குப் பக்கம் என்பதால் வெறுங்கால் யாரும் கவனிக்கும் விஷயமல்ல. ஒற்றைச் செருப்பு அப்படியில்லை. பூக்காரர் ஒருவர் அனுதாபத்தோடு கேட்டார்: "கோயில் வாசல்ல போச்சா சாரே? என்ன திருடன் அவன், ஒண்ணு மட்டும் கொண்டுபோயிருக்கான்!" என் மனைவி சாக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பஸ் இரண்டு போனது.

அந்த ஏழு நாளில் ஒரு நாள் எனக்கு விடுமுறை. கூடவே போனேன். மத்தியானம் போணக்காட்டிலிருந்து போன்: பசுவுக்கு வலி, கன்று குறுக்கே கிடக்கிறது. ஏறினோம். பாதி ஏற்றத்தில் முன்னால் ஒரு ஜீப் நின்றது, நாங்களும் நின்றோம். முன்பு பதினோரு பெண்கள் தள்ளிய அதே இடம். அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், காத்திருந்தாள். ஜீப் நகர்ந்ததும் கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் காலால் தேடிக் கண்டுபிடித்து, பிரேக்கை விட்டாள். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாமல் மேலே ஏறியது. எஞ்சின் அணையவில்லை. வாடை இல்லை. நான் மூச்சு விட்டேன். லயத்தில் அவள் கை முழங்கைவரை உள்ளே போய்க் கன்றைத் திருப்பியது. மூன்று மணி பதினாறு நிமிடத்துக்குக் கன்று வெளியே வந்தது. நேரம் குறிப்பது தொழில் பழக்கம்.

எட்டாம் நாள் கடைக்குப் போனோம். என் வார்த்தையை நம்பாமல் அவரே தெருவுக்கு வந்து, ஜன்னல் வழியாகக் குனிந்து டிரிப் மீட்டரில் கிலோமீட்டரைப் பார்த்தார். ஐந்நூற்று ஐம்பத்தெட்டு. தலையாட்டினார். என் மனைவி போனில் கன்றின் படத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். முகத்தைத் தாண்டிப் போனார். வயிற்றைத் தாண்டிப் போனார். இடது பின்னங்காலின் குளம்பில் போய் நின்றார்.

"தேயல்ல" என்றார். "இது நல்லா ஓட்டும்."

விளக்குக் கடைக்காரரும் வெளியே வந்துவிட்ட அளவுக்குச் சிரித்தோம். அந்த நல்ல நேரத்தில் நான் செருப்பைக் கேட்டேன். அவர் உள்ளே போனார், அட்டையை அவிழ்த்தார், செருப்போடு திரும்பி வந்தார். தருவதற்கு முன், என்ன தோன்றியதோ, வண்டியைச் சுற்றிப்போய் நான் உட்காரும் பக்கத்துக் கதவைத் திறந்தார். கீழே குனிந்தார்.

வண்டித் தரையில் விரித்திருந்த ரப்பர் மிதியடி முன்பக்கம் தள்ளப்பட்டு மடிந்து கிடந்தது. இடது கால் வைக்கும் இடத்தில் மட்டும். அந்த ஏற்றத்தில், அவள் கிளட்ச் மிதித்த ஒவ்வொரு தடவையும், இந்தப் பக்கம் நானும் மிதித்திருக்கிறேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய், அதே ஆணியில் மாட்டினார். "இன்னும் ஒரு ஐந்நூறு" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. அதற்குப் பிறகுதான் மேஜை தட்டும் சத்தம்.

இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அவர் மகள் வீட்டோடு போய்விட்டதாகக் கயிற்றுக் கடைக்காரர் சொன்னார். பாகங்களை மொத்தமாக வேறொரு கடைக்குக் கொடுத்துவிட்டாராம். சுவரில் ஆணிகள் இருந்தன. செருப்புகள் இல்லை, அவற்றைத் தன்னோடு எடுத்துப் போய்விட்டாராம்.

என் மனைவி இன்னும் வித்துராவில்தான் இருக்கிறாள். அதே வண்டி, அதே கிளட்ச், அதே இரண்டு மாசக் குட்டி. அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து போகிறேன். மிதியடியை மூன்று தடவை மாற்றியாயிற்று. ஏற்றம் வந்ததும் அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள்: "கால எடுங்க."

எடுக்கிறேன். என் ஐந்நூறு இன்னும் முடியவில்லை.